"கோயில் ரூம்" என்று போட்ட விளம்பரம்

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் போல இருந்தது, வரவில்லை. பத்து ரூமில் இரண்டில்தான் ஆள்.

விளம்பரம் ஓடுகிறது. யாராவது போனில் 'திருத்தணி ரூம்' என்று தேடினால் நம்ம லாட்ஜ் மேலே வரும். தொட்டால் நம்ம காசு போகும், அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும். இன்று தொட்டவர்கள் நிறைய. போன் செய்தவர்கள்:

– மாச வாடகைக்கு ரூம் தேடும் காலேஜ் மாணவர்
– அரக்கோணத்தில் வீடு தேடுபவர்
– லாட்ஜில் வேலை இருக்கா என்று ஒருத்தர்

விளம்பரம் பார்த்துத் தங்க வந்தவர் யாரும் இல்லை.

லாட்ஜை நடத்துவது நான். கட்டிடம் பாவாவுடையது, அக்கா வீட்டுக்காரர். ஆடிக் கிருத்திகைக்குள் லாட்ஜ் பிக்கப் ஆகாவிட்டால் சென்னை பார்ட்டிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவாராம். என் வீட்டுக்காரர் அவரிடம் வாயே திறக்கமாட்டார். ரயில்வே டூட்டி, வீடு, அவ்வளவுதான்.

ஜூலை 5, சனி

என்ன வார்த்தை தேடி நம்மிடம் வந்து விழுகிறார்கள் என்று பார்த்தேன். மாத வாடகை, ஹாஸ்டல், வேலை, வீடு. நான்கையும் தடுத்தாச்சு. இனி அதைத் தேடுபவர்களுக்கு நம்ம விளம்பரம் வராது. மத்தியானமே வீண் போன் குறைந்தது. முதல் நாளே செய்திருக்கலாம்.

பாவா வந்தார். என் வாசகத்தைப் படித்தார்: "மலையடிவாரத்தில் சுத்தமான ரூம்."

"இன்னாம்மா இது, சப்புனு இருக்குது. முருகன் கோயில் ரூம் புக்கிங்னு போடு."

சரி, பார்த்துவிடலாம். இரண்டையும் சேர்த்தே விட்டேன். அ – என்னுடையது. ஆ – பாவாவுடையது. படம், வாடகை எதிலும் கை வைக்கவில்லை. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றணும், இல்லாவிட்டால் எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

ஆ-வுக்குத்தான் கூட்டம். அ-வை யாரும் சீண்டவில்லை. போன் ஓயவில்லை. இந்த வாரம் எல்லா ரூமுக்கும் அட்வான்ஸ் வந்தாச்சு.

"பாத்தியா, நான் இன்னா சொன்னேன்!" – பாவா. அக்காவும் போனில் ஒரே சந்தோஷம்.

ஆனால் கேட்கிற கேள்விகள் ஒரு மாதிரி. "மொட்டை டிக்கெட்டு இதுலயே வந்துருமா?" "ரூம்லேர்ந்து சன்னதி எவ்ளோ தூரங்க?" நகரியிலிருந்து ஒரு பெண், தெலுங்கில்: "தேவஸ்தானம் ரூமேனாண்டி?"

"கோயில் பக்கந்தாங்க" என்றேன். அவள் கேட்டது அது இல்லை, கோயில் நிர்வாகத்து ரூமா என்று.

தலைவலி. தைலம் தீர்ந்துபோச்சு, வாங்கணும்.

ஜூலை 10, வியாழன்

நல்ல வெயில். நகரிக்காரங்க வந்தார்கள். அந்தப் பெண், அவள் புருஷன், மொட்டை போட ஒரு கைக்குழந்தை, அவள் அப்பா. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷனாம், வாக்கர் பிடித்து நடக்கிறார். கேட்டில் இறங்கி எல்லோரும் மலையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"கோயிலு மேல இருக்குது. ரூமு கீழயா?"

"ஆட்டோ இருக்குதுங்க. மேல வரைக்கும் போவும்."

அந்தப் பெண் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நான் விட்ட ஆ விளம்பரம். "நைனாவ ரூம்லேர்ந்து அப்டியே சன்னதிக்குக் கூட்டிகினு போலாம்னு வந்தோம். கோயில் ரூமான்னு உங்களத்தானே கேட்டேன்? இல்லன்னு நீங்க சொல்லலியே."

சொல்லவில்லைதான்.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். கீழ் ரூம் சும்மாவே தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மட்டும் கேட்டார். மேலே இடம் கிடைத்ததோ இல்லையோ.

ஆ-வை நிறுத்தினேன். அட்வான்ஸ் கட்டிய எல்லோருக்கும் போன். "நாங்க தனியாருங்க, மலைக்குக் கீழ இருக்கோம்." பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். ஒருத்தர் திட்டினார்.

ஜூலை 11, வெள்ளி

ஆ மறுபடி ஓடுகிறது! நிறுத்தியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாவாவிடமும் பாஸ்வேர்டு உண்டு. போன் செய்தேன்.

"ஆங், நான்தான் போட்டேன். நல்லா ஓடிக்கினு இருக்கறத எவனாவது நிறுத்துவானா?"

"ஏமாந்து வராங்க பாவா."

"கோயில்னு பேர் வெச்சா ஏமாத்தறதா? பஜார்ல எத்தினி கடை முருகன் பேர்ல இருக்குது?"

கொஞ்ச நேரம் அவர் சொல்வதே சரி என்றுகூடப் பட்டது. அப்புறம் அந்த வாக்கர்.

ஆ-வை மறுபடி நிறுத்தி, பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். இவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "பில்டிங்கு அவருது. நாளைக்கே சாவிய குடுன்னா இன்னா பண்ணுவ?" என்றார். எனக்கும் அதே பயம்தான்.

புதுசு, இ: "தனியார் லாட்ஜ். மலைக்குக் கீழே. கோயிலுக்கு ஆட்டோ உண்டு. படி ஏற முடியாதவர்களுக்குக் கீழ் ரூம்." தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். துவைத்த விரிப்பு எதுவும் காயவில்லை.

இ-யைத் தொடுபவர்கள் ஆ-வில் பாதிகூட இல்லை. ஆனால் தொட்டவர்கள் போன் செய்கிறார்கள், செய்தவர்கள் வருகிறார்கள். வந்து சண்டை போடவில்லை. தெலுங்கு வாசகம் தமிழைவிட நன்றாகப் போகிறது. ஆறு ரூமில் ஆள். பத்து இல்லை.

பாவா பைக் சத்தம். மாடியில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். உடனே இறங்கவில்லை. கீழே போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பாவாவே எடுத்தார். படியில் நின்று கேட்டேன்.

"ஆங், லாட்ஜுதாங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள் போல. "இல்லீங்க... கோயில் ரூம் இல்லீங்க. தனியாரு. மலைக்குக் கீழங்க." அப்புறம்: "எத்தினி வயசுங்க அவங்களுக்கு?... ஆங், ஆங்."

இறங்கிப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழ் ரூம் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாத்ரூம்ல புடிச்சிக்க ஒரு கம்பிகூட இல்ல. வயசானவங்கள வாங்க வாங்கன்னு கூப்டுகினு இருக்கற."

"இல்லதான் பாவா."

"வெல்டர அனுப்பறேன்."

பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பாஸ்வேர்டு கேட்கவில்லை.