பூட்டாத படம்

24-11-1985, ஞாயிறு

தங்கையைக் கட்டிய சேகர், என் டிவி ரிப்பேர் கடைக்கு எதிரிலேயே அதே தொழிலுக்குக் கடை போட்டிருக்கிறான். நேற்று என்னிடமே வந்து நின்றான்.

"மச்சான், கீழ்பென்னாத்தூர்காரர் செட்டு ஒண்ணு. படம் நடுங்கிக்கினே இருக்குது."

"கெபாசிட்டரைப் பெருசா போடு மாப்ள."

மெட்ராஸ் ஸ்டேஷன் படத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு துடிப்பு அனுப்புகிறது. செட்டுக்குள் அந்தக் கோடுகளைப் போடவைக்கும் ஆஸிலேட்டர் தன் போக்கில் ஓடும். அது பிந்தினால் தள்ளி, முந்தினால் இழுத்து, ஸ்டேஷனோடு பூட்டி வைப்பது ஒரு சர்க்யூட். அதில் கெபாசிட்டர் பெரிதானால் நடுக்கம் அடங்கும். ஆனால் பூட்டு விட்டுப்போனால் மறுபடி பிடிக்க நேரமாகும். முதல் பாதியை மட்டும்தான் அவனுக்குச் சொன்னேன்.

அவன் கடையில் சிக்னலைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் உண்டு. அங்கே படம் அசையாமல் நின்றது. இன்று சாயங்கால சினிமாவுக்கு, பூஸ்டர் இல்லாத அந்தக் கீழ்பென்னாத்தூர் வீட்டில் தெருவே கூடியிருந்ததாம். சிக்னல் கம்மியாகும்போதெல்லாம் படம் கிழிந்து, சேரவே இல்லையாம். செட்டுக்காரர் எல்லார் முன்னாலும் சேகரின் சட்டையைப் பிடித்துவிட்டாராம்.

தங்கை அழுதுகொண்டு வந்தாள். "அண்ணா, அவருக்கு நீங்களாவது சொல்லிக் குடுங்க."

"உன் வீட்டுக்காரனுக்குத் தொழில் வராதும்மா" என்றேன்.

நாளை நானே போய்ச் சரிசெய்து தருவேன். டார்ச் பிடிக்க அவனைக் கூட்டிப் போவேன்.