உங்க பக்கத்துக் கூரை

குடகுல காபித் தோட்டத்துல இருக்கிறவருக்கு,

மூணு வருசமா "தையில வந்து கூரை மாத்துறேன்"னே எழுதுறீங்க. நேத்து நானே ஏணி போட்டு ஏறிட்டேன். "இன்னா பொம்பள இவ, வூட்டு மேல ஏறுறா"ன்னு உங்க அண்ணன் கீழ நின்னு கத்தினாரு. மக்கின புல்லை அள்ளி அவர் தலையிலேயே போட்டேன்.

வாசப்பக்கத்துப் புல்லை உருவுறப்போ உள்ளேர்ந்து உங்க கொடுவாள் விழுந்துச்சு. காட்டுலேர்ந்து வந்ததும் நீங்க எப்பவும் சொருகுற அதே இடம். அதுமேலயே புதுப்புல்லு போட்டு மூடினவரும் நீங்கதான்.

இதைத்தானே என் தம்பி திருடிட்டான்னு ஊர்க்கூட்டத்துல நிறுத்தினீங்க? எல்லார் எதிர்லயும் உங்க கால்ல விழ வச்சீங்களே! அன்னிக்குப் போனவன் இந்த வாசலை மிதிக்கல. அம்மா செத்தப்பகூட என் முகத்தைப் பார்க்கல.

கொடுவாள் விழுந்த இடத்துலயே கிடக்குது. நான் தொட மாட்டேன். நீங்களே வந்து எடுத்து, அதே கூட்டத்துல அவன் கையில குடுங்க.

அடுப்புப் பக்கம் வேய்ஞ்சிட்டேன். நீங்க படுக்கிற பக்கம் வானம் தெரியுது. நீங்க வர்ற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கும்.

இப்படிக்கு,
அவனோட அக்கா