தபால்காரர் கரையேறிய ஞாயிறு

இன்று காலை உன் புத்தகத்தைத் திறந்ததும் ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. "அம்மா, ரப்பர் ஸ்டோர் மாதிரி நாறுதுலா!" என்று மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ, தோட்டத்தில் என்னோடு பால் வெட்டிய நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தோட்டத்து ஆபீஸ் கிராணி தூக்கிப்போட்ட, ஆள் பேர் போடும் பழைய செக்ரோல் புத்தகம் அது. ஞாயிறு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் தபால்காரர் படக்கதை வருமே, வாரத்துக்கு மூன்று கட்டம், அதையெல்லாம் வெட்டி அதில்தான் ஒட்டினாய். கோந்து வாங்கலாம் என்றேன். "மரமே குடுக்குது, கோந்து எதுக்குடி?" என்று, மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் மிஞ்சியதைத் தொட்டுத் தடவினாய். ஒன்றுவிடாமல் சேர்க்க வேண்டும் என்பாய். "நாளைக்கு நம்ம புள்ளைங்க பாக்கணும்லா."

நமக்குள் ஒரு சட்டம் இருந்தது. பெடாஸ் பசாரிலிருந்து நீ பத்திரிகை வாங்கி வருவாய். நாம் இருவரும் சேர்ந்து உட்காரும்வரை கடைசிப் பக்கத்தை யாரும் திறக்கக் கூடாது. ஒரு வாரம் தபால்காரர் பலகைப் பாலத்திலிருந்து ஈயம் தோண்டிய குட்டையில் விழுந்துவிட்டார். கடைசிக் கட்டத்தில் தொப்பி மட்டும் மிதந்தது. அந்த வாரம் முழுக்க ரப்பர் மர நிரையில் பால் வெட்டிக்கொண்டே அதைத்தான் பேசினோம்.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. நீ பத்திரிகையை மடித்தபடியே என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பழசு என்று நினைத்து, மறுநாள் வேலைக்குக் காயட்டும் என்று, நனைந்த என் கால் சப்பாத்துக்குள் அதைக் கிழித்துத் திணித்துவிட்டேன். காலையில் கூழாகக் கிடந்தது. மூன்று நாள் பக்கத்து நிரையில் இருந்துகொண்டே நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டாய்.

அதற்கடுத்த ஞாயிறு பார்த்தால், தபால்காரர் ஒன்றுமே நடக்காததுபோல் சைக்கிளில் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்! "எப்படிடி வெளிய வந்தான்?" அன்று நீ ஆரம்பித்த கேள்வி. என் மகளின் காதுகுத்தில்கூட நாலு பேர் நடுவில் கேட்டு மானத்தை வாங்கினாய்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்ன அன்று, மூட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இனி எங்கே போவது, எந்த வேலை தெரியும் நமக்கு? நீ என் தோளை உலுக்கினாய். "தபால்காரன் வெளிய வந்தான்ல? எப்படின்னு தெரியாது. ஆனா வந்துட்டான்லா. ஏந்திரி." செனாவாங்கில் எனக்கு ஃபேக்டரி வேலை கிடைக்கும்வரை அந்த வார்த்தையை வைத்துத்தான் ஓட்டினேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் வீட்டுக்காரர் இந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். பத்திரிகை ஆபீசில்கூட அந்தப் பழைய இதழ்கள் இல்லையாம். நீ பூசிய பால் கறுத்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. உன்னைத் திட்டிக்கொண்டே, மரத்தின் வெட்டில் காய்ந்த கோட்டுப்பாலை உரித்த அதே கட்டைவிரலால் மெல்ல மெல்ல உரித்தேன். இழையிழையாக வந்தது, படம் கிழியவில்லை. மகள் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் ஏற்றினாள். காலிப் பக்கத்தையும் ஏற்றச் சொன்னேன். கீழே எழுதவைத்தேன்: "இந்த ஞாயிறு எங்களிடம் இல்லை. தப்பு என்னுடையது. யாரிடமாவது இருக்கிறதா?"

முகம் தெரியாத எத்தனையோ பேர் எழுதினார்கள், தாங்களும் இந்தத் தபால்காரருக்காகக் காத்திருந்த பிள்ளைகள்தான் என்று. நீ சொன்ன "நம்ம புள்ளைங்க" இவ்வளவு பேர் என்று எனக்குத் தெரியாது. நேற்று போர்டிக்சனிலிருந்து ஒரு தபால் வந்தது. அனுப்பியவருடைய அம்மாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த தாளாம். அந்த ஞாயிறேதான்!

இன்று அதை உன் காலிப் பக்கத்தில் ஒட்டினேன். கடைக் கோந்துதான், கோபித்துக்கொள்ளாதே. முதல் கட்டத்தில் தபால்காரர் கையைக் காலை அடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிடுகிறார். இரண்டாவதில் தபால் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, ஊராரிடமெல்லாம் போய்வருகிறேன் என்று விடைபெறுகிறார்.

மூன்றாவதில் எழுந்து நிற்கிறார்டி. தண்ணீர் முழங்கால் வரைதான்.

நான் சிரித்த சிரிப்பில் மகள் பயந்துபோய் ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டே அழுதேன், நீ இல்லாமல் முதல்முறையாகக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேனே என்று. அன்று மூட்டைமேல் உட்கார்ந்திருந்த எனக்கு, இந்தக் கட்டம் தெரியாமலே "ஏந்திரி" என்று பதிலைச் சொல்லிவிட்டாய் நீ.