யுஸ்து வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்?

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் இரண்டு பேரை எழுந்து நிற்கச் சொன்னார். இவர்களில் ஒருவர்தான் பாஸ்டருக்குத் துணையாகச் சபையைப் பார்த்துக்கொள்ளப்போகும் புது மூப்பராம். ஒருவர் பேக்கரிக்காரர். இன்னொருவர் என் வீட்டுக்காரர். ஆளாளுக்கு என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். எனக்கோ பயமாகிவிட்டது.

பயப்படாம என்ன செய்யறது? இவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பழுதையும் பொறுமையாகப் பார்ப்பார். ஆனால் தன்னை ஒருத்தர் வேண்டாம் என்றால் மட்டும் தாங்காது. போன சபையில் கையைத் தூக்கச் சொல்லி மூப்பரைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் யார் தனக்குக் கை தூக்கலைன்னு இவர் ஒவ்வொரு முகமா பார்த்துக்கிட்டே நின்னார். அடுத்த வாரமே மூட்டை கட்டினோம். அதுக்கு முந்தின சபையிலயும் இதே கூத்துதான்.

இங்க வந்துதான் எனக்கு மனுஷங்க கிடைச்சிருக்காங்க. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நர்ஸ் அக்காவும் மத்தவங்களும் முறை வெச்சு சாப்பாடு கொண்டுவந்தாங்க. இவங்களையும் விட்டுட்டுப் போகணுமா?

ஜூன் 3, திங்கள்

இவர் கண்ணாடி முன்னால் நின்று மூப்பர் குரலில் ஜெபித்துப் பழகுகிறார். ஆண்டவரே, தாங்கலை.

ஜூன் 5, புதன்

ஜெபக்கூட்டம். இந்தத் தடவை கை தூக்குவது கிடையாது, சீட்டுதான் என்றார் பாஸ்டர். எனக்குச் சுர்ருன்னு வந்தது. “மூப்பர் பொறுப்பு என்ன பாஸ்டர், குலுக்கல் பரிசா?” என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் என் முழங்கையில் இடித்தார்.

பாஸ்டர் சிரித்தார். “யூதாஸோட இடத்துக்கு ஆள் தேடினப்போ அப்போஸ்தலர்கள் எடுத்த எடுப்புல சீட்டு போடலையேம்மா. ஆரம்பத்துலேர்ந்து இயேசுவோட கூடவே இருந்தவங்களைத் தேடினாங்க. ரெண்டு பேருமே தகுதின்னு நிறுத்தினாங்க. ஜெபம் பண்ணினாங்க. அப்புறம்தான் சீட்டு.”

அப்படி நிறுத்தின இரண்டு பேரில் சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. யுஸ்துவுக்கு விழவில்லை. அதன் பிறகு பைபிளில் யுஸ்து பேச்சே இல்லை.

வீட்டுக்கு வந்தும் அந்த ஆள்தான் மனசுல. அன்னிக்கு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்? பொண்டாட்டி இருந்திருந்தா, அவ என்ன பாடு பட்டிருப்பா? அதே அப்போஸ்தலர்கள் பிற்பாடு சாப்பாட்டுப் பந்தி விசாரிக்க ஏழு பேர் வேணும்னப்போ சபையாரையே பார்த்துச் சொல்லச் சொன்னாங்க. பவுலையும் பர்னபாவையும் உபவாசம் இருந்து, தலையில கை வெச்சு ஊழியத்துக்கு அனுப்பினாங்க. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதம். ஆனா ‘என்னைப் போடுங்க’ன்னு யாரும் முன்னால வந்து நின்னதா எனக்கு ஞாபகம் இல்லை. இதை இவர்கிட்ட சொல்ல வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன்.

ஜூன் 8, சனி

நாளைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறார். அவரே!

ஜூன் 9, ஞாயிறு

சீட்டு பேக்கரிக்காரருக்கு விழுந்தது.

இவர் போய்க் கை குலுக்கினார், சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். போன சபையிலும் இப்படித்தான் சிரித்தார்.

வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, “இந்தத் தடவை யாரைக் கோவிச்சுக்கறதுன்னே தெரியலை” என்றார்.

“ஆண்டவரைக் கோவிச்சுக்கோங்க”ன்னுட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

முறைத்தார். பிறகு குபீரென்று சிரித்துவிட்டார். “யுஸ்து கோவிச்சுக்கிட்டுப் போனதா எழுதலையே.”

“கூட இருந்ததாவும் எழுதலை.”

போய்ப் படுத்துக்கொண்டார். இருப்பாரா, கிளம்பிடுவாரா? கேக்கவே பயமா இருக்கு.

ஜூன் 12, புதன்

ஜெபக்கூட்டத்துக்கு வரவில்லை. வேலை இருக்காம். வேலையாவது மண்ணாவது.

ஜூன் 16, ஞாயிறு

வந்தார்! கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் எப்போதும்போல முன்னால், நர்ஸ் அக்கா பக்கத்தில்.

பேக்கரிக்காரர் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். பிறகு அவரையே ஜெபிக்கச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். பாவம், மாவோடவே பொழுதைக் கழிக்கிற மனுஷன். “பரலோகப் பிதாவே...” என்றார். அவ்வளவுதான், நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரோ இருமினார்கள். இவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளுக்குள்ள சந்தோஷப்படறாரோ?

அப்போது பின்னாலிருந்து ஒரு பாட்டு கிளம்பியது. கட்டைக் குரல், சுருதி எங்கேயோ போகுது. இவரேதான்! இரண்டாவது வரிக்குள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்தபோது பேக்கரிக்காரருக்கு வார்த்தை வந்துவிட்டது. சின்ன ஜெபம்தான், ஆனால் நல்ல ஜெபம்.

எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. “என்னாச்சு?” என்றாள் நர்ஸ் அக்கா. “நிம்மதிக்கா” என்றேன்.

வெளியே வந்தால், இவர் பேக்கரிக்காரர் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார். “மூப்பரே, அடுத்த வாரம் எதுக்கும் ரெண்டு பாட்டு தயாரா வெச்சுக்கறேன்.”

அடுத்த வாரம்னு சொன்னார். என் காதால கேட்டேன்.