பலாப்பொந்தில் நான் ஊற்றியது

அக்கா,

இன்று காலை மண்வெட்டியின் துருவைத் துடைக்க மண்ணெண்ணெய் டின்னைத் திறந்தேன். வாடை வந்ததுமே கை நின்றுவிட்டது. நீங்கள் இருந்தவரை உங்களிடம் சொல்லத் துணியாததை எழுதிவிடுகிறேன்.

உங்கள் காட்டுக்கும் எங்கள் காட்டுக்கும் நடுவில் நிற்கும் கிழட்டுப் பலாவை வெட்டிவிட்டு, மிளகுக்கொடி ஏற சில்வர் ஓக் மரம் வைக்கச் சொன்னார்கள் எல்லோரும். நீங்கள் மசியவில்லை. அதன் அடிப்பொந்தில் மழைத்தண்ணீரும் மட்கிய மரத்தூளும் ஊறிக் கிடக்கும். குளவி நிறத்தில் ஓர் ஈ பொந்தின் வாயில் அசையாமல் அந்தரத்தில் நிற்கும். நான் பயந்து விலகினால், "கொட்டாது கண்ணு. சும்மா வேசங்கட்டி மெரட்டுது, உங்கூட்டுக்காரராட்டம்" என்பீர்கள்.

என் மகளுக்கு டெங்கு வந்த மாதம் அது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்து வந்த அன்றே பொந்தை எட்டிப் பார்த்தேன். புழுக்கள் நெளிந்தன. கொசுப்புழு என்றே நினைத்தேன். அவற்றுக்கு நீளமாக வால் இருந்ததைப் பார்த்தும் யோசிக்கவில்லை. அரை டின் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டேன்.

சாயங்காலம் நீங்கள் மலர்ந்த முகத்தோடு வந்தீர்கள். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பூச்சி ஆராயும் பெண்ணொருத்தி வந்தாளாம். அந்த ஈ அருகி வருகிறதாம். ஊறிய பழம்பொந்தில்தான் அதன் புழு வளருமாம், சரிவு முழுக்கத் தேடியும் அவளுக்கு வேறு பொந்து கிடைக்கவில்லையாம். நீங்கள் கிண்ணத்தில் புழுவை அள்ளிக் காட்டினீர்களாம். மண்ணெண்ணெய் வாடை அடித்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அன்று பிடித்த மழையில் வாடை போய்விட்டது. புழுக்களும் போயிருந்தன. "நாந்தான் கைய உட்டு அள்ளிக் கெடுத்துட்டனாட்ட இருக்குது" என்றீர்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். "இருக்குமுங்க்கா" என்றேன்.

அதன் பிறகு ஈக்குப் பூ வேண்டுமென்று மரத்தைச் சுற்றிக் கொத்தமல்லி விதைத்துப் பூக்கவிட்டீர்கள். மழை முடியும்போதெல்லாம் பொந்தருகே போய் உட்கார்ந்தீர்கள். ஓர் ஈ கூட வரவில்லை. தப்பு உங்களுடையது என்று நம்பியே போய்ச் சேர்ந்தீர்கள்.

போன வாரம் உங்கள் மகன் மரத்தை வெட்டலாமா என்று கேட்டு வந்தான். "எங்கம்மா கை பட்டுத்தானுங்க அந்த ஈயே இல்லாமப் போச்சு. இனி இந்த மரம் யாருக்குங்க?"

"உங்கம்மா இல்ல சாமி. நாந்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசிவரை கேட்டான். "எங்கம்மா சாவறப்பக்கூட தாந்தான் கெடுத்துட்டன்னே சொல்லிட்டிருந்துச்சுங்க" என்றான். பிறகு எழுந்து போய்விட்டான். மரத்தை வெட்டவில்லை, என்னோடு பேசவும் இல்லை. திட்டிவிட்டாவது போயிருக்கலாம், அக்கா.