கோர்பிலா ஊரின் முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் நகராட்சிப் புள்ளிவிவர அலுவலகம் நடத்திய நூலகக் கணக்கெடுப்பின் பதில்கள் வந்துவிட்டன. தலைக்கு ஆண்டுக்கு ஐந்து புத்தகம் தேறாவிட்டால் கோர்பிலாவில் நூலகப் பேருந்து இனி நிற்காது. ஊரில் நாற்பத்தொரு பேர். கேள்வித்தாள் அனுப்பக் குலுக்கலில் விழுந்தது நான்கு பேர், பதில் எழுதியது இரண்டு பேர். ஓர் ஆண்டில் எடுத்த புத்தகம்: ஒருவர் 0. மற்றவர் 312. விளங்கினாற்போலத்தான்.

மார்ச் 5, வியாழன்

பட்டாணி சூப் சாப்பிடும்போது தாய்ஸ்தோவோடு சண்டை. என் எதிர் மேசைக்காரன். குலுக்கல்தான் அவனுக்குத் தெய்வம்.

"விழுந்தவன் விழாதவனுக்கும் சேர்த்துதான் பேசுறான். சராசரி 156. முடிஞ்சுது."

அப்படியானால் ஊருக்கு 6,396 புத்தகம். பேருந்தில் இருப்பதே மூவாயிரம்.

"ரெண்டு பேரை வச்சு ஊரை அளப்பியா? பக்கத்துப் பதினோரு ஊரோட போக்கையும் கலந்து பாரு. தலைக்கு ரெண்டுதான் வருது" என்றேன்.

"அப்ப அந்தப் பதினோரு ஊருக்கே பஸ்ஸை விடு."

தோற்பவர் கேக் கொண்டுவர வேண்டும் என்று பந்தயம்.

மார்ச் 6

முறை என்னுடையதுதான் சரி. ஆனால் என் எண் வென்றால் பேருந்து நின்றுவிடும். மனசு கேட்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

பேருந்து ஓட்டும் ஓர்வோக்கி வந்தாள். எங்கள் சண்டையை நின்று கேட்டாள். "நாப்பத்தொரு பேருதானே? போய்க் கேட்டா என்ன, காலு இல்லையா?"

இருவருக்கும் சேர்த்து முப்பத்தெட்டு ஆண்டு அனுபவம். இது தோன்றவே இல்லை.

மார்ச் 11

கோர்பிலாவுக்கு நான் மட்டும் போனேன். ஊரில் மொத்தம் பதினாறு வீடு. காப்பியை மறுத்தால் பதில் வராது. பதினாறு காப்பி. இரவு இரண்டு மணி, இன்னும் தூக்கம் வரவில்லை.

எல்லா வீட்டிலும் புத்தகம் கிடக்கிறது. ஆனால் முதல் பதினைந்து வீட்டிலும் சொல்வது 0. பொய்யா? ஏன்? கடைசி வீட்டு இல்மாரி தாடியைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "எல்லாம் என் நூலக அட்டையிலதாம்மா. பஸ் நிக்கிறது என் சவுனா, அதான் நீராவிக் குளியலறை, அதுக்கு முன்னாடி. குளிக்க வர்றவங்க பழசை வச்சுட்டுப் புதுசை எடுத்துட்டுப் போவாங்க."

ஊருக்கே 312! தலைக்கு ஏழரைக்கு மேல். அவனுடைய 156, என்னுடைய 2, இரண்டும் குப்பை. வழியெல்லாம் சிரித்தேன். வெட்கமாகவும் இருந்தது.

மார்ச் 12

"பிழை வரம்பு எவ்வளவு?" என்றான் தாய்ஸ்தோ.

"கிடையாது. எல்லாரையும் கேட்டாச்சு."

படிவத்தில் அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு அடித்தான். பாவம்.

மார்ச் 24

கோர்பிலாவின் பேருந்து நிறுத்தம் தப்பியது. தோற்றது இருவரும் என்பதால் இரண்டு கேக். இல்மாரியின் சவுனா முன்னால், பேருந்துக்குள்ளேயே வெட்டினோம். தாய்ஸ்தோ ஒரு மீன்பிடிப் புத்தகம் எடுத்தான், நான் ஒரு கொலைக்கதை. யார் அட்டையில் எழுத என்று ஓர்வோக்கி கேட்டாள்.

"இல்மாரி" என்றோம், இருவரும் ஒன்றாக.