கொடிக்கம்பியில் முளைத்த விதை

இன்று காலை கொல்லையில் துணி உலர்த்தும்போது கம்பியில் என் விரல் ஒட்டிக்கொண்டது. பார்த்தால் புல்லுருவி விதை. பச்சை மூக்கை நீட்டி முளைத்தே விட்டிருந்தது. உடனே சுவருக்கு அந்தப் பக்கம் உன்னைக் கூப்பிடத்தான் வாயெடுத்தேன். நீ போய் நாலு மாதமாகிறது. என் வாய்க்கு இன்னும் அது தெரியவில்லை.

வலியசாலையில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நான் கல்யாணமாகாமல் அண்ணா வீட்டில், நீ கணவர் போனபின் மைத்துனர் வீட்டில். இரண்டு பேருமே சமையலுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சுமை. நடுவிலிருந்த குட்டைச் சுவரும் அதன்மேல் சாய்ந்த மாமரமும்தான் நமக்கென்று இருந்தவை.

அந்தக் குருவியை நீதான் காட்டினாய். கட்டைவிரல் அளவு, சாம்பல் நிறம், 'டிக் டிக்' என்று ஓயாத வாய். நம் மாமரத்தில் தொற்றியிருந்த புல்லுருவியின் பழத்தை முழுசாக விழுங்கும். நாம் காபி ஆற்றிக் குடிப்பதற்குள் விதை வெளியே வந்துவிடும். பசை லேசில் விடாது. உட்கார்ந்த இடத்தில் பின்பக்கத்தைத் தேய்த்து, கிளையோ கம்பியோ, அங்கேயே ஒட்டிவிட்டுப் பறக்கும். "பாருடி, ஒட்டிவெச்சுட்டு அது பாட்டுக்குப் போயிடறது. நம்மாத்துப் பெரியவா நம்மளைப் பண்ணினாப்பல" என்றாய். ஈரப் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம்.

கம்பியில் ஒட்டிய விதையும் முளைக்கும். பட்டையைத் தேடி மூக்கை வளைத்து, கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, சில நாளில் காய்ந்துபோகும். அதைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை.

மன்னி, அண்ணாவின் மனைவி, ஒருநாள் என் காதுபட, "புல்லுருவி மரத்துல மட்டுமா இருக்கு?" என்றாள். சுவரோரம் நின்று அழுதேன். நீ அசரவில்லை. "இருக்கட்டுமேடி. அது இல்லேன்னா அந்தக் குருவி என்னத்தைத் தின்னும்?"

அந்த வாரமே பொன்முடி எஸ்டேட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்று விசாரித்து வந்தாய். தங்க ஓர் அறையும் உண்டு. "நீ வந்தா நானும் போறேன், கேட்டியா?" அண்ணாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவே இல்லை. பயம், வேறென்ன. நீ மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தனியாகப் போகவுமில்லை. பதினொரு வருஷம் அதே அடுக்களையில் நின்று, அதே பின்கட்டு அறையில் கண்ணை மூடினாய். உன்னை அங்கே கட்டிப்போட்டது நான்தான் என்ற எண்ணம் என்னை விடுவதாயில்லை.

போன வாரம் அண்ணா ஆள் வைத்துப் புல்லுருவி முழுவதையும் வெட்டினார். மரத்துக்கு நல்லதுதான். குருவி இரண்டு நாள் வந்து மொட்டைக் கிளையில் கத்திப் பார்த்தது. அப்புறம் காணோம். இந்த ஒரு விதைதான் மிச்சம்.

ஈரக்கையால் அதைப் பதமாக எடுத்து, மாங்கிளையின் அடிப்பக்கத்தில், அண்ணா கண்ணில் படாத இடமாகப் பார்த்து அழுத்தி வைத்தேன். பிடிக்குமோ என்னவோ. கம்பிக்கும் கிளைக்கும் ஒரு கை தூரம்தான் இருந்தது. எக்கி நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பசை போகவில்லை. உள்ளே மன்னி கூப்பிடுகிறாள், உலை கொதிக்கிறதாம். போய்வருகிறேன் என்று எழுதி முடிக்கலாமென்றால், நான் எங்கேடி போனேன்?